குவைத் டிவியில் சகாயராஜின் வயல்

எங்கள் பழைய ஸ்டுடியோவில் இப்போது எடிட்டிங் செய்யும் பிள்ளைகள் போன வாரம் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்கள். "சார், வீடியோவைப் படம் படமாப் பிரிச்சு கிராஃபிக்ஸ் சாஃப்ட்வேருக்கு அனுப்பித் திரும்ப வாங்கினா கலர் வெளுத்துப் போகுது. அந்தக் காலத்துல நீங்க என்ன செய்வீங்க?"

'அந்தக் காலம்' என்பதைத் தவிர மற்றதெல்லாம் நல்ல கேள்வி. நான் ஓய்வு பெற்றது வயதினால் அல்ல. என் முதுகெலும்பு ராஜினாமா செய்தது, நானும் கூடவே வெளியே வந்துவிட்டேன். மற்றபடி கண் நன்றாகத் தெரிகிறது, நினைவும் இருக்கிறது. ஒரே வரியில் பதில் அனுப்பியிருக்கலாம்தான். ஒரே வரியில் சொன்னதை இந்தத் தொழிலில் யாரும் கேட்டதில்லை. எங்களுக்கும் சொன்னார்கள், நாங்களும் கேட்கவில்லை. அதனால் நடந்ததையே எழுதிவிடுகிறேன்.

நான் பி.ஏ. தமிழ். படித்த இலக்கியமெல்லாம் மனப்பாடம், கையில் வேலை இல்லை. தஞ்சாவூரில் ஹாஜா பாய் வீடியோ ஸ்டுடியோ தொடங்கியிருந்தார். துபாயில் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, சம்பாதித்ததில் பாதியைக் கேமராவாகவும் கம்ப்யூட்டராகவும் மாற்றிக்கொண்டு ஊர் திரும்பியவர். ஒரு கல்யாண வீடியோவின் டைட்டிலில் மாப்பிள்ளைக்கு அவர் அப்பாவின் இன்ஷியலுக்குப் பதில் மாமனாரின் இன்ஷியலைப் போட்டுக் கொடுத்து, இரண்டு வீட்டுக்கும் கைகலப்பாகிவிட்டது. "படிச்ச ஆளு ஒருத்தர் வேணும்ப்பா" என்று தேடியபோது நான் அகப்பட்டேன். 'நல்வரவு' எழுத வந்தவன், மெல்ல எடிட்டிங் மேசைக்கு நகர்ந்து, அங்கேயே வேர்விட்டேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் பொய் சேர்க்க வேண்டியிருக்கும்.

பாதிக் கல்யாணங்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவை. வர முடியாத அண்ணனுக்கு, லீவு கிடைக்காத மச்சானுக்கு, விசா சிக்கலில் மாட்டிய சித்தப்பாவுக்கு. வந்தவர்கள் சாப்பிடுவதற்காகவும், வராதவர்கள் பார்ப்பதற்காகவும்தான் கல்யாணமே நடக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இங்கே தொழில் விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீடியோவை வெட்டி ஒட்டும் மென்பொருளும், அதன்மேல் பூவும் எழுத்தும் பறக்கவிடும் மென்பொருளும் அன்றைக்குப் பேசிக்கொள்ளாத பங்காளிகள். ஒன்று கொடுக்கும் வீடியோவை இன்னொன்று வாங்காது. ஆகவே ஒரு நொடிக்கு இருபத்தைந்து படம் என்று வீடியோவை உதிர்த்து, வரிசை எண் போட்டு, ஒரு இடத்தில் கொட்டி வைப்போம். அந்தப் பக்கம் அதை அள்ளி, மேலே வேண்டியதைச் சேர்த்து, மறுபடியும் படங்களாகவே உதிர்த்துத் தரும். இந்தப் பக்கம் கோர்த்துக்கொள்வோம். இந்தப் போக்குவரத்தில்தான் நிறம் வெளுக்கும்.

கல்யாண வீடியோவில் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. தாலி கட்டும் கட்டத்தில் பூ தூவுவோம், அந்த இடம் மட்டும் வெளுத்து வரும். "கனவு மாதிரி இருக்குங்க" என்பார்கள். தப்பைப் பாராட்டும் வாடிக்கையாளர்கள் அமைந்த தொழில் எப்படி உருப்படும்? போதாததற்கு, ஸ்டுடியோவில் வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்டும் டிவியில் கலர் குமிழை ஹாஜா பாய் கடைசிவரை திருகி வைத்திருந்தார். அதில் பார்த்தால் வெளுத்ததும் வெளுக்காததும் ஒரே திருவிழாதான். மாப்பிள்ளை முகத்தை "ரெண்டு ஷேடு ஏத்திவிடு" என்பது எங்களிடம் கேட்காமலே நடக்கும் சேவை.

அந்த நேரத்தில்தான் ஸ்டெல்லா மேடம் எங்களுக்கு மேலதிகாரியாக வந்தார்.

தரங்கம்பாடிப் பக்கம் லுத்தரன் குடும்பம். சென்னையில் விளம்பரப் படங்களுக்கு எடிட்டிங் செய்தவர். கணவர் மஸ்கட்டுக்குப் போனதும் மாமியார் வீட்டோடு இருக்கத் தஞ்சாவூருக்கு வந்தார். கல்யாணத்தை மட்டும் நம்பியிருந்தால் ஆடிக்கும் மார்கழிக்கும் ஈ ஓட்ட வேண்டும் என்று உணர்ந்த ஹாஜா பாய், 'கல்யாணமல்லாத வேலை' என்று ஒரு பிரிவு தொடங்கி அவரிடம் ஒப்படைத்தார். என்னைவிட வயதில் சிறியவர். அவருக்குக் கீழே நான். என் தன்மானம் ஒரு நாள் முழுக்க முணுமுணுத்தது, மறுநாள் சம்பளம் வந்ததும் அடங்கிவிட்டது.

வந்ததும் முதல் வேலையாக எடிட்டிங் அறைச் சுவருக்குச் சாம்பல் நிறம் அடிக்கச் சொன்னார். பெயிண்டர் அடித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "பிரைமர் காஞ்சிருச்சும்மா. மேல என்ன கலரு?"

"இதான் கலரு."

பெயிண்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அறைக்குள் இருக்கும்போது மேடம் கட்டுவதும் சாம்பல் நிறப் புடவைதான். சிவப்புப் புடவை கட்டினால் திரையில் சிவப்பு அடிக்கும், கண் ஏமாறும் என்பார். இது தெரியாமல், மகள் கல்யாண கேசட் வாங்க வந்த ஒரு அம்மாள் ஹாஜா பாயிடம் குரலைத் தாழ்த்தி, "பாவம், இந்தச் சின்ன வயசுல" என்று கண் கலங்கினார். பாய் பதறிப்போனார். "ஐயோ, அவங்க வீட்டுக்காரர் மஸ்கட்ல பிரியாணி சாப்பிட்டுக்கிட்டு நல்லாத்தாம்மா இருக்கார்!"

மேடம் யாரையும் திட்ட மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். "காட்டுங்க" என்பார். காட்டுவோம். "கலர் நல்லாருக்குங்களா மேடம்?" என்று கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும்: "எதை வெச்சுச் சொல்றீங்க, முரளி சார்?"

எதை வைத்துச் சொல்வது? கண்ணை வைத்துத்தான். அதை அவர் ஏற்க மாட்டார். கண் பழகிக்கொள்ளும், ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் வெளுத்ததுகூட சரியாகத் தோன்ற ஆரம்பித்துவிடும் என்பார். அவரிடம் இரண்டு வழிகள் இருந்தன. வெளியே அனுப்பும் படவரிசை ஒவ்வொன்றுக்கும் தலையில் கறுப்பு, நடுச் சாம்பல், வெள்ளை என்று படிக்கட்டு மாதிரி ஒரு பட்டையைச் சேர்ப்பார். 'சாட்சி' என்று அதற்குப் பெயர். போன கறுப்பு கறுப்பாகவே திரும்பியதா என்று அதைத்தான் முதலில் விசாரிப்பார். அடுத்து, அசலைக் கீழேயும் திரும்பி வந்ததை மேலேயும் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்படி மென்பொருளிடம் சொல்வார். இரண்டும் ஒன்றென்றால் திரை முழுக்க இருட்டு. இம்மி வித்தியாசம் இருந்தாலும் இருட்டுக்குள்ளிருந்து உருவம் எட்டிப் பார்க்கும். கறுப்புத் திரையைப் பார்த்து முகம் மலர்ந்த மனுஷியை நான் அங்கேதான் பார்த்தேன்.

கல்யாண வேலைக்கு இதெல்லாம் எதற்கு என்று ஹாஜா பாய் விட்டுவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

அப்படியிருக்கும்போது உழவர்களுக்கான ஒரு பயிற்சிப் படம் எங்களுக்கு வந்தது. விஷயம், இலை வண்ண அட்டை. விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான பிளாஸ்டிக் அட்டை. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாகப் பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். வெயில் படாமல் உடம்பு நிழலில் நெல் இலையை அட்டைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். நாலாம் நம்பருக்கு இருந்தால் பயிருக்குப் பசியில்லை, யூரியா வேண்டாம். அதைவிட வெளுத்திருந்தால் போடலாம். அதுவரை எங்கள் பக்கத்தில் யூரியாவுக்கு வேறு கணக்கு இருந்தது: பக்கத்து வயல்காரன் போட்டால் நாமும் போடுவது. பயிர் கருகருவென்று நின்றால்தான் தெருவில் மரியாதை. பிறகு புகையான் பூச்சி வந்து திட்டுத் திட்டாகக் காய்ந்தால் அது கடவுள் செயல்.

படம் பிடித்தது வெண்ணாற்றங்கரையில் சகாயராஜ் என்பவரின் சம்பா வயலில். அவருக்கு என் வயதிருக்கும். நிலம் அவர் பெயரில் இல்லை. குவைத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த அண்ணன் அந்தோணிசாமி வாங்கிப் போட்டது, தம்பி பயிர் செய்து சாப்பிடுவது. பக்கத்தில் சாலை அகலமானதிலிருந்து மனைக்கட்டு புரோக்கர்கள் அண்ணனுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்கள். விளையும் நிலத்தை விற்க அண்ணனுக்கு மனமில்லை. 'விளையும்வரை' என்பது அதில் தொக்கி நின்றது. அட்டை சொன்னபடி சகாயராஜ் அந்த வாரம் யூரியா போடவில்லை. பக்கத்து வயல்காரர்கள் வரப்பில் நின்று, "என்ன சகாயம், பயிருக்குத் தவக்காலமா? உபவாசம் போட்டுட்டியா?" என்று கேலி பேசினார்கள். அவர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். கேமராவின் முன்னால் இலையை அட்டையில் வைத்துக் காட்டினார். நாலாம் நம்பர். சந்தேகமே இல்லை.

படம் தயாராகும் நேரத்தில் மஸ்கட்காரர் லீவில் வந்துவிட்டதால் மேடமும் லீவு. படத்தைப் பார்க்க வந்த வேளாண் அலுவலர் எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டு ஒன்று சொன்னார்: "அவர் கையில அட்டை ஒரே சேறும் அழுக்குமா இருக்கே. பளிச்சுன்னு ஒண்ணு போட்டுடுங்களேன்."

"மாப்பிள்ளை மூஞ்சியவே மாத்துறோம், அட்டைதானுங்களே" என்றார் ஹாஜா பாய்.

புதிய அட்டை ஒன்றை ஸ்கேன் செய்து, கிராஃபிக்ஸ் மென்பொருளில் அழுக்கு அட்டையின்மேல் கனகச்சிதமாக ஒட்டினோம். அதே வாரம் கம்ப்யூட்டரில் வீடியோ கார்டு பழுதாகிப் புதிதாக ஒன்று மாற்றியிருந்தார்கள். படவரிசை போனது, வந்தது, கோர்த்தோம். திருகிய குமிழ் டிவியில் அலுவலர் பார்த்தார். எல்லாம் கிளிப்பச்சை. கைகுலுக்கினார். சகாயராஜ் முதல் சிடியை வாங்கி, குவைத் திரும்பும் ஒருவர் கையில் பெருமையோடு கொடுத்தனுப்பினார், அண்ணன் பார்க்கட்டும் என்று.

அண்ணன் பார்த்தார்.

மேடம் லீவு முடிந்து வந்த அன்று நல்ல மழை. முற்பகலில் சகாயராஜ் வந்து நின்றார். ஒரு கையில் குடை. இன்னொரு கையில் வேரும் சேறுமாகப் பிடுங்கிய ஒரு குத்து நெற்பயிர். நேரே எடிட்டிங் அறைப் பக்கம் நடந்தார்.

"யோவ் யோவ், கம்ப்யூட்டர் ரூம்யா அது! சேத்தோட போறே!" என்று ஹாஜா பாய் எழுந்தார்.

"என் வயலுக்கு நீங்க பூட்ஸோட வந்தப்ப நான் ஏதாச்சும் சொன்னேனா பாய்?" என்றார் சகாயராஜ். கையிலிருந்த பயிரை உயர்த்திக் காட்டினார். "இதப் பாருங்க. இது மஞ்சளா? சொல்லுங்க, இது மஞ்சளா?"

மேடம் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார். "இதுல வைங்க. உக்காருங்க. என்ன நடந்துச்சு?"

"அண்ணன் ராத்திரி போன் பண்ணுச்சு. 'நான் இங்க வெயில்ல வேகுறேன், நீ அங்க பயிரப் பட்டினி போட்டுப் படம் புடிச்சு எனக்கே அனுப்புறியா'ன்னு கேக்குது. இலை ரெண்டாம் நம்பர்ல நிக்குதாம், நீங்க நாலுன்னு பேசுறீங்களாம். பொய் சொல்றதையாவது ஒழுங்காச் சொல்லக் கூடாதான்னு கேக்குது. விளையாத மண்ண வெச்சு என்னா பண்றது, அறுப்பு முடிஞ்சதும் புரோக்கர மனைக்கல்லு ஊனச் சொல்லிட்டேன்னு போன வெச்சிருச்சு."

அந்தப் படத்தில் 'நாலு' என்று பேசிய குரல் என்னுடையது. நான் வாளிக்குள் பார்த்தேன். பயிர் நல்ல பச்சையாக இருந்தது.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "காட்டுங்க."

காட்டினேன். ஸ்டுடியோ டிவியில் அல்ல, அவருடைய திரையில். வயலின் அகலக் காட்சி சரியாக இருந்தது. அட்டைக் காட்சி வந்ததும் இலை சோகை பிடித்தது. பக்கத்தில் நாங்கள் ஒட்டிய புது அட்டை மட்டும் கல்யாண வீட்டு வாழைமரம் மாதிரி பளபளவென்று. அட்டைப்படி பார்த்தால் இலை ரெண்டுதான். அண்ணன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

மேடம் சாட்சிப் பட்டையை எடுத்து அதே வழியில் அனுப்பித் திரும்ப வாங்கினார். போன கறுப்பு சாம்பலாகத் திரும்பியது. பிறகு அட்டைக் காட்சியின் அசலையும் வந்ததையும் வைத்துக் கழித்தார். இருட்டாக இருக்க வேண்டிய திரையில் மங்கலாக வயல் மிதந்தது.

"என் வயலுங்களா அது?" என்றார் சகாயராஜ்.

"உங்க வயல்ல நாங்க தொலைச்சது" என்றார் மேடம்.

விஷயம் இதுதான், கேள்வி கேட்ட பிள்ளைகள் இங்கே கவனிக்கவும். வீடியோவுக்குக் கறுப்பு என்பது பதினாறில் தொடங்கும், வெள்ளை இருநூற்று முப்பத்தைந்தில் முடியும். கம்ப்யூட்டர் படத்துக்குக் கறுப்பு பூஜ்யம், வெள்ளை இருநூற்று ஐம்பத்தைந்து. வீடியோவைப் படமாக உதிர்க்கும்போது அந்தக் குட்டை அளவை இழுத்து நெட்டை அளவாக்க வேண்டும், திரும்ப வாங்கும்போது சுருக்க வேண்டும். பழைய கார்டு அரைகுறையாகவாவது இழுத்தது. புது வீடியோ கார்டு இழுக்காமலே அனுப்பியது, வாங்கும்போது மட்டும் ஒழுங்காகச் சுருக்கியது. ஏற்கெனவே குட்டையாக இருந்ததை மேலும் சுருக்கினால் கறுப்பு சாம்பலாகும், பச்சை வெளுக்கும். ஸ்கேன் செய்த அட்டை ஆரம்பத்திலிருந்தே நெட்டை அளவு. அது ஒருமுறைதான் சுருங்கியது, சரியாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே படத்தில் இலைக்கு ஒரு நீதி, அட்டைக்கு ஒரு நீதி.

சகாயராஜுக்கு நான் இதை விளக்க ஆரம்பித்து, எனக்கே குழம்பியது. அவர் கையமர்த்தினார். "அளந்து போட்டது ஒரு மரக்கா, அளந்து வாங்குனது வேற மரக்கா. அதானே? விடுங்க. இப்ப என்னா செய்யப் போறீங்க?"

"முழுப் படத்தையும் மறுபடி செய்யப் போறோம்" என்றார் மேடம்.

"மேடம், மூணு நிக்காஹ் வீடியோ காத்துக்கிட்டு இருக்கு" என்றார் ஹாஜா பாய்.

"நிக்காஹ் ஆயிடுச்சு பாய். வீடியோ காத்திருக்கும். வயல்ல கல்லு ஊனிட்டா யாராலயும் புடுங்க முடியாது."

ஹாஜா பாய் ஒரு நிமிஷம் வாளியைப் பார்த்தார். பிறகு தானே போய் முன்வாசல் போர்டைத் திருப்பி வைத்துவிட்டு வந்தார். கல்யாண சீசனில் அந்தக் கதவு மூடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு காட்சியாக எடுத்தோம். உதிர்க்கும்போது எந்த அளவு, வாங்கும்போது எந்த அளவு என்று இரண்டு பக்கமும் ஒன்றாக அமைத்தோம். சாட்சி போகும், வரும், கறுப்பு கறுப்பாக வந்தால்தான் அடுத்தது. கழித்துப் பார்த்து இருட்டு வந்தால்தான் கோர்ப்பது. ஒரு காட்சியில் ஓரத்தில் மெல்லிய கோடு தெரிந்தது. "இது கண்ணுக்கே தெரியாது மேடம்" என்றேன். "தெரியுதே" என்றார். மறுபடி செய்தோம். ஒட்டிய புது அட்டையைத் தூக்கி எறிந்தோம். அசல் நாடாவில் சகாயராஜின் கையில் இருந்த அழுக்கு அட்டையே போதும் என்று முடிவானது. இலைக்கு என்ன நடந்தாலும் அதே கையில் இருக்கும் அட்டைக்கும் அதுவே நடக்கும். இரண்டும் சேர்ந்து வெளுக்கும், சேர்ந்து பிழைக்கும்.

படம் முடிந்தது. ஹாஜா பாய் குவைத்துக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். தப்பு எங்களுடையது, மெஷின் மாற்றியதில் வந்தது, சரியான சிடி அனுப்புகிறோம் என்றார்.

"பாய், என் கல்யாணத்தை எடுத்தது நீங்கதானே?" என்று கேட்டார் அந்தோணிசாமி.

"ஆமாங்க. நம்ம ஸ்டுடியோதான்."

"நான் எப்படி இருப்பேன்னு ஞாபகம் இருக்கா? தார் டின்னு மாதிரி இருப்பேன். உங்க கேசட்டுல பார்த்தா மைதா மாவுல புரட்டி எடுத்த மாதிரி இருக்கேன். ஊர்ல என் பொண்டாட்டி இன்னமும் அதைப் போட்டுப் பார்த்துட்டு, 'இந்த மாப்பிள்ளை எங்கேங்க போனாரு'ன்னு கேக்குறா. என்னையே வெளுத்த ஆளுங்க நீங்க. நாலு இலையப் பச்சையாக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

போன் வைக்கப்பட்டது. அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த முகத்தை இரண்டு ஷேடு ஏற்றிய கை யாருடையது என்று எனக்குத் தெரியும், ஹாஜா பாய்க்கும் தெரியும். அவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்த பச்சை, சரியாக இருக்கிற ஒரே காரணத்தால் பொய்யாகத் தெரியப் போகிறது. இதற்கு எந்த மென்பொருளிலும் பட்டன் கிடையாது.

"அண்ணன் பொல்லாத ஆளு இல்லீங்க" என்றார் சகாயராஜ் மெதுவாக. "நேர்ல பார்த்தா ஒத்துக்கும். அதுக்காக வயலத் தூக்கிக் குவைத்துக்கு அனுப்ப முடியுமா?"

மேடம் அவரைப் பார்த்தார். பிறகு அவர் சட்டைப் பையைப் பார்த்தார். "வயல அனுப்ப முடியாது. அட்டைய அனுப்பலாம்ல?"

"எந்த அட்டைய?"

"உங்க பையில இருக்கிறதை. படத்துல இருக்கிற அதே அட்டைய. அவர் அதை டிவிக்குப் பக்கத்துல புடிச்சுப் பார்க்கட்டும். டிவில தெரியிற அட்டையும் கையில இருக்கிற அட்டையும் ஒத்து வர்ற வரைக்கும் டிவிக் குமிழை அவரே திருகிக்கட்டும். அச்சா ஒத்து வராது, அவர் ரூம் வெளிச்சம் வேற. கிட்ட வந்தா போதும். அப்புறம் படத்துக்குள்ள இலையையும் அட்டையையும் பார்க்கட்டும். நம்மளை ஏன் நம்பணும்?"

சகாயராஜ் அட்டையை வெளியே எடுத்தார். காய்ந்த சேறு உதிர்ந்தது. "இப்படியேவா? கழுவிடட்டுமா?"

"கழுவாதீங்க!" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

சிடியின் தொடக்கத்திலேயே அட்டை அசையாமல் நிற்கும் காட்சி ஒன்றை வைத்தோம், குமிழ் திருக நேரம் வேண்டுமே. அதற்கு விளக்கம் பேசும் பொறுப்பு எனக்கு. "அன்பார்ந்த நேயர்களே, வண்ணங்களின் மெய்ம்மையை உறுதிசெய்யும் பொருட்டு" என்று தொடங்கி, என் பி.ஏ.வுக்கு நியாயம் செய்து ஒரு பக்கம் எழுதினேன். மேடம் படித்தார்.

"யாருக்குப் பேசுறீங்க, முரளி சார்?"

"பார்ப்பவர்களுக்கு."

"பார்க்கப் போறது ஒரே ஒரு ஆளு. கோவமா இருக்காரு. அவருக்குப் பேசுங்க."

கிழித்துப் போட்டுவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்தேன். "அண்ணே, உங்க தம்பி குடுத்துவிட்ட அட்டையை டிவிக்குப் பக்கத்துல புடிங்க. ரெண்டும் ஒண்ணாத் தெரியிற வரைக்கும் கலரைத் திருகுங்க. அவசரமில்ல, நாங்க இருக்கோம்." நான் வாழ்நாளில் எழுதியதில் உருப்படியான உரைநடை அதுதான்.

ஹாஜா பாய்க்குத் தெரிந்த கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் குவைத் புறப்பட இருந்தார். ஊறுகாய் பாட்டில்களுக்கும் கருவாட்டுப் பொட்டலத்துக்கும் நடுவில், பாலிதீனில் சுற்றிய அழுக்கு அட்டையும் சிடியும் விமானம் ஏறின.

பிறகு காத்திருந்தோம். நிக்காஹ் வீடியோக்களை முடித்துக் கொடுத்தோம். எவர் முகத்தையும் ஷேடு ஏற்றவில்லை. ஒரு மாமியார் மட்டும் மருமகனை உற்றுப் பார்த்துவிட்டு, "நேர்ல இருக்கிற மாதிரியே இருக்கார்" என்று வருத்தப்பட்டார்.

சகாயராஜ் மறுபடி வந்தபோது வெயில் அடித்தது. கையில் ஒன்றும் இல்லை. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"போன் வந்துச்சா?" என்றார் ஹாஜா பாய்.

"வந்துச்சு."

"என்னய்யா சொன்னாரு? சொல்லித் தொலையேன்!"

"ரூம்ல அத்தனை பேரும் உக்காந்து பார்த்திருக்கானுங்க. எல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்கதான். அட்டையப் புடிக்கிறது ஒருத்தன், குமிழத் திருகுறது ஒருத்தன். வேதாரண்யத்துக்காரன் மூணுன்னானாம். உப்பளத்துக்காரனுக்கு நெல்லப் பத்தி என்னடா தெரியும்னு பட்டுக்கோட்டைக்காரன் எகிறியிருக்கான். தென்னந்தோப்புக்காரனுக்கு மட்டும் என்னா தெரியும்னு அவன் திருப்பிக் கேட்டிருக்கான். சண்டையாயிருச்சாம். அண்ணன் எல்லாரையும் தள்ளிவிட்டுட்டுக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கு." நிறுத்தினார். "நாலுன்னுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, புரோக்கருக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிருச்சு. குறுவைக்கும் நீயே பாருன்னுச்சு."

ஹாஜா பாய் 'அல்ஹம்துலில்லாஹ்' என்றார். மேடம் கண்ணாடியைக் கழற்றிச் சாம்பல் புடவைத் தலைப்பால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப ஏன்யா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே?" என்றேன்.

"அதுக்கு மேல ஒண்ணு சொல்லுது சார். இனிமே வாராவாரம் வயலப் படம் புடிச்சு அனுப்பணுமாம். அங்க டிவில அட்டைய வெச்சுப் பார்த்து நம்பர் சொல்லுமாம். அது சொன்னாத்தான் நான் யூரியா போடணுமாம்!"

ஹாஜா பாயின் கண்ணில் வியாபாரம் ஒளிர்ந்தது. மேடம் அவரை ஒரு பார்வை பார்த்தார், அணைந்தது.

"அது சொல்றவரைக்கும் பயிர் காத்துக்கிட்டு நிக்குமா?" என்று தொடர்ந்தார் சகாயராஜ். "அட்டையத் திருப்பி அனுப்புன்னா மாட்டேங்குது. டிவிப் பக்கத்துல ஆணி அடிச்சு மாட்டிருச்சாம். எனக்கு இன்னொண்ணு வேணுங்க. பயிர் பூ எடுக்குறதுக்குள்ள ஒருவாட்டி பார்த்துடணும்."

ஸ்கேன் செய்வதற்கு வாங்கிய புது அட்டை மேசை டிராயரில் இருந்தது. மேடம் எடுத்துக் கொடுத்தார். சகாயராஜ் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தார். சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"அண்ணன்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார் மேடம்.

"என்னத்தச் சொல்றது? அது நம்பர் சொல்லட்டும், சரிண்ணேன்னு சொல்வேன். நான் முன்னாடியே பார்த்துப் போட்டிருப்பேன்."

வெயில் ஏறுவதற்குள் வயலில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் வேகமாக நடந்தார்.